மெஷின் கழன்ற பிறகும் கால் ஏன் எழும்பவில்லை?

ஒரு கப் தேத்தண்ணி, கோப்பையோடு சேர்த்து நிறுத்தாலும் அரைக் கிலோ வராது. இரண்டு கிழமை வென்டிலேட்டரில், அதாவது மூச்சுக் கொடுக்கும் மெஷினில், கிடந்து உயிர் தப்பி வாட்டுக்கு வந்த ஒருவரால் அதை வாய்வரை கொண்டுபோக முடியாமல் இருக்கலாம். "மெஷின் கழட்டியாச்சு" என்று தகவல் வந்த அன்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மறுநாள் பார்க்கப் போனால், ஆள் கண் திறந்து பார்க்கிறார், பேரைச் சொன்னால் தலையசைக்கிறார், காலைத் தூக்கச் சொன்னால் மட்டும் போர்வைகூட அசையவில்லை. பாரிசவாதமோ, நரம்பு செத்துவிட்டதோ, மயக்க மருந்து கூடிப்போய்விட்டதோ என்று வாசலில் நின்று பேச்சு தொடங்கும்.

பெரும்பாலும் இவை எதுவும் இல்லை. கடும் நோயும் அசையாத படுக்கையும் சேர்ந்து தசையையும் நரம்பையும் தாக்குவதால் வரும் 'தீவிர சிகிச்சைத் தளர்ச்சி' இது. தீவிர சிகிச்சைப் பிரிவில் (ஐ.சி.யு.) இருக்கும்போதே உருவாகிறது, நோயாளியை எழுப்பும்போதுதான் கண்ணில் படுகிறது. 2002 இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், 7 நாளோ அதற்கு மேலோ வென்டிலேட்டரில் இருந்து விழித்தவர்களில் நாலில் ஒருவருக்கு இது இருந்தது.

இலங்கையின் கிழக்கில் ஒருவரை வென்டிலேட்டர் வரைக்கும் கொண்டுபோகும் காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: எலிக்காய்ச்சல், கடும் டெங்கு, நிமோனியா, வயல்சேற்றுக் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ், பாம்புக்கடி, கிருமிநாசினி விஷம், வீதி விபத்து. முதல் நாலும் இரத்தத்தில் தொற்று அல்லது உடல் முழுக்க அழற்சி என்ற நிலைக்குப் போகக்கூடியவை. தசைத் தளர்ச்சிக்கு முதல் காரணம் அந்த நிலைதான்.

உடம்புக்குள் நடப்பது

பஞ்சம் வந்தால் விதைநெல்லையே குத்திச் சமைக்கும் வீடு போலத்தான் கடும் நோயில் உடம்பு நடந்துகொள்கிறது. கிருமியோடு சண்டை பிடிக்கவும் புண்ணை ஆற்றவும் அதற்குப் புரதம் வேண்டும். உடம்பில் புரதம் பெருமளவில் இருக்கும் இடம் தசை. எனவே தசையை உடைத்து எடுக்கிறது. அதே நேரத்தில் புதுத் தசை கட்டும் வேலையும் மந்தமாகிவிடுகிறது. 2013 இல் வெளியான இலண்டன் ஆய்வொன்றில், தீவிர சிகிச்சையின் முதல் 10 நாளில் தொடையின் முன்தசை ஏறக்குறைய 18 வீதம் மெலிந்திருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்தவர்களிடம் இழப்பு இன்னும் கூட. நல்ல சுகமுள்ள ஒருவர் அதே 10 நாள் சும்மா படுத்திருந்தால் இந்தளவு போகாது. படுக்கை தசையைக் கரைக்கிறது, நோய் அந்தக் கரைதலைப் பல மடங்காக்குகிறது.

மெலிவதோடு கதை முடியவில்லை. மிஞ்சியிருக்கும் தசைக்கும் சுருங்கத் தெரியாமல் போகிறது. சுருக்கத்தைச் செய்யும் மயோசின் என்ற புரத இழைகள் குறைந்துவிடுகின்றன, தசையின் மேலுறை மின்துடிப்புக்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை. நரம்புக்கு ஊட்டம் கொடுக்கும் மெல்லிய இரத்தக் குழாய்கள் அழற்சியில் கசிந்து, நரம்பு இழைகள் வீங்கிச் சேதமாகின்றன. நரம்பில் வரும் இந்தப் பாதிப்பை 1984 இல் கனடாவின் சார்ள்ஸ் போல்ட்டனும் அவரது குழுவினரும் விவரித்தார்கள். பலருக்கு நரம்பும் தசையும் இரண்டுமே பழுதாகின்றன. தசை மட்டும் பழுதானால் மீட்சி வேகம், நரம்பும் சேர்ந்தால் நீண்டகாலம் எடுக்கும். வீட்டுக்காரர் இதை நினைவில் வைத்திருந்தால், பக்கத்துக் கட்டில் ஆள் ஒரு மாதத்தில் நடந்துவிட்டாரே என்று மனம் உடையத் தேவையில்லை.

சுவாசத்துக்கு உதவும் தசையும் தசைதான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் பிறந்த நாள் முதல் ஒரு நிமிடமும் ஓய்வெடுக்காதது. வென்டிலேட்டர் முழு வேலையையும் எடுத்துக்கொண்டால் அதுவும் சோம்பிப்போகிறது. மூளைச்சாவு அடைந்து உறுப்புதானம் செய்தவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2008 இல் வெளியானது: 18 முதல் 69 மணித்தியாலம் முழுமையாக மெஷினில் இருந்த உதரவிதானத்தின் இழைகள், ஒப்பிட்டவர்களுடைய இழைகளின் பாதி அளவுக்கும் கீழே மெலிந்திருந்தன. ஆகவே தொண்டையில் போட்ட மூச்சுக் குழாயை எடுப்பதற்கு முன் டொக்டர்கள் 30 நிமிடம் முதல் 2 மணித்தியாலம் வரை மெஷினின் உதவியைக் குறைத்து, சொந்த மூச்சில் விட்டுப் பார்ப்பார்கள். "நேற்றுக் கழட்டுவம் என்று சொன்னவங்க, இண்டைக்கு இல்லையாம்" என்ற ஏமாற்றத்துக்குப் பின்னால் பல நேரம் இந்தத் தளர்ந்த உதரவிதானம் இருக்கும். இருமலுக்குப் பலம் இல்லாததும் ஒரு காரணம். சளியை வெளியே தள்ள முடியாதவருக்குக் குழாயை எடுத்தால், திரும்பவும் போட வேண்டி வரும்.

யாருக்கு இது கூட வரும்? இரத்தத் தொற்று உள்ளவர்கள், பல உறுப்புகள் பாதிக்கப்பட்டவர்கள், கன நாள் மெஷினில் இருந்தவர்கள், வயதானவர்கள், பெண்கள். கூடிய அளவில் ஸ்டெரொய்ட் எடுத்தவர்களும், தசையைச் செயலிழக்கச் செய்யும் ஊசி நாட்கணக்கில் தேவைப்பட்டவர்களும் இந்தப் பட்டியலில் அடக்கம். அந்த மருந்துகளை டொக்டர் விளையாட்டுக்குக் கொடுப்பதில்லை, உயிரா தசையா என்று வந்தால் உயிர்தான் முதலில். இரத்தச் சீனி உயர்ந்தே கிடப்பதும் நரம்பைக் கெடுக்கும். அதற்காக மிகக் கீழே இறக்கவும் கூடாது. ஒரு காலத்தில் இறுக்கமாகக் கட்டுப்படுத்திப் பார்த்தார்கள், 2009 இல் வந்த பெரிய ஆய்வில் அப்படிச் செய்தவர்களிடையே இறப்புக் கூடியிருந்தது. இப்போது பொதுவாக டெசிலீற்றருக்கு 140 முதல் 180 மில்லிகிராம் என்ற வரம்புக்குள் வைத்திருப்பார்கள்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்

இதற்குப் பெரிய மெஷின் தேவையில்லை. கட்டிலருகே நின்று கையாலேயே பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. முதலில் ஆள் உண்மையாகவே விழித்திருக்கிறாரா என்று பார்க்க ஐந்து கட்டளைகள்: கண்ணைத் திறந்து மூடுங்கள், என்னைப் பாருங்கள், வாயைத் திறந்து நாக்கை நீட்டுங்கள், தலையை ஆட்டுங்கள், நான் ஐந்து எண்ணியதும் புருவத்தை உயர்த்துங்கள். இவற்றில் குறைந்தது மூன்றையாவது சரியாகச் செய்தால்தான் பலத்தை அளப்பதில் அர்த்தம் உண்டு. மயக்கம் தெளியாதவர் கை தூக்காததைத் தளர்ச்சி என்று எழுதினால் பிழை.

பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு அசைவுகள்: தோளிலிருந்து கையைப் பக்கவாட்டில் தூக்குதல், முழங்கையை மடித்தல், மணிக்கட்டை மேலே வளைத்தல், தொடையைத் தூக்குதல், முழங்காலை நீட்டுதல், பாதத்தை மேல்நோக்கி வளைத்தல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. எந்த அசைவும் இல்லையென்றால் 0. தசை துடிப்பது மட்டும் தெரிந்தால் 1. கட்டிலோடு ஒட்டிப் பக்கவாட்டில் நகர்த்த முடிந்தால் 2. கைகாலின் சொந்த எடைக்கு எதிராக மேலே தூக்கினால் 3. நாம் கொஞ்சம் அழுத்தியும் தாங்கினால் 4. முழுப் பலம் 5. பன்னிரண்டு அசைவுக்கும் சேர்த்து 60 புள்ளி. 48 க்குக் கீழே என்றால் தளர்ச்சி இருக்கிறது, 36 க்குக் கீழே என்றால் கடுமையானது.

இந்த எண்ணைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைப்பது நல்லது. "கொஞ்சம் பரவாயில்லை" என்பதில் எதுவும் விளங்காது. போன கிழமை 34, இந்தக் கிழமை 41 என்றால் விளங்கும்.

எல்லாத் தளர்ச்சியும் இதுவல்ல

இதில்தான் குழப்பம் கூட. தீவிர சிகிச்சைத் தளர்ச்சி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். கைகால்களைப் பிடிக்கும், முகத்தையும் கண் அசைவையும் பெரும்பாலும் விட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால் பாரிசவாதத்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

கட்டுவிரியன் கடித்தவரின் கதை வேறு. நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரை இரவில் தீண்டிவிட்டுப் போகும், கடித்த இடத்தில் வீக்கமும் நோவும் பெரிதாகத் தெரியாது. அதன் நஞ்சு நரம்பு முனைக்கும் தசைக்கும் இடையிலான சந்தியை அடைத்துவிடுவதால் இமை விழும், விழுங்க முடியாது, பிறகு மூச்சும் நிற்கும். இங்கே வென்டிலேட்டருக்குக் கொண்டுபோனதே தளர்ச்சிதான். வேறு சிக்கல் சேராவிட்டால் நாட்கணக்கில் பலம் திரும்பத் தொடங்கும்.

கிருமிநாசினி விஷத்திலும் இப்படி ஒன்று உண்டு, அதற்குப் பெயர் வைத்து உலகுக்குச் சொன்னது இலங்கைதான். ஓகனோபொஸ்பேற் வகை விஷம் உட்கொண்டவர் முதல்நாள் ஆபத்தைத் தாண்டிவிட்டார் என்று நினைக்கும்போது, 1 முதல் 4 நாளுக்குள் திடீரென்று கழுத்தும் தோளும் தொடையும் தளர்ந்து மூச்சு நிற்கும். பேராதனையிலிருந்து நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் 1987 இல் இதை "இடைநிலை நோய்க்குறி" என்று விவரித்தார்கள். முதலில் பிடிபடும் அடையாளம் மிக எளியது: தலையணையிலிருந்து தலையை உயர்த்தச் சொன்னால் முடியாது. விஷம் குடித்தவரோடு வாட்டில் துணைக்கு இருப்பவர்கள் இதைக் கண்டால் அந்த நிமிடமே தாதியிடம் சொல்ல வேண்டும்.

இவற்றைத் தவிர நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பரே நோய், பொட்டாசியம் அல்லது பொஸ்பேற் குறைவு போன்றவையும் உண்டு. கடைசி இரண்டையும் இரத்தச் சோதனையில் கண்டுபிடித்து அந்த நாளிலேயே திருத்தத் தொடங்கலாம், ஆகவே டொக்டர்கள் அதை முதலில் பார்ப்பார்கள்.

ஐ.சி.யு.வுக்குள் தொடங்கும் வேலை

மீட்சி என்பது வீட்டுக்கு வந்த பிறகு தொடங்குவது என்று நினைப்பது பிழை. மயக்க மருந்தைத் தேவைக்கு மேல் கொடுக்காமல், ஒவ்வொரு நாளும் குறைத்து எழுப்பிப் பார்ப்பதுதான் முதற்படி. தூங்குபவர் பயிற்சி செய்ய முடியாதல்லவா. 2009 இல் அமெரிக்காவில் 104 பேரிடம் நடந்த ஆய்வில், நாளாந்தம் மயக்கத்தை நிறுத்தி எழுப்பும்போதே உடற்பயிற்சியும் தொடங்கியவர்களில் 59 வீதம் பேர் வைத்தியசாலையை விட்டுப் போகும்போது தங்கள் வேலையைத் தாங்களே செய்தார்கள். வழமையான சிகிச்சை பெற்றவர்களில் அது 35 வீதம்.

அப்படியென்றால் கூடக் கூடச் செய்தால் இன்னும் நல்லது என்று தோன்றும். 2022 இல் 750 பேரோடு வந்த ஆய்வு அந்த எண்ணத்துக்குக் கடிவாளம் போட்டது. வழமையை விடக் கடுமையாக, கூடிய நேரம் அசைய வைத்தும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. இதயத் துடிப்புக் குழம்புவது, இரத்த அழுத்தம் மாறுவது, ஒட்சிசன் இறங்குவது போன்ற தொல்லைகள்தான் கூடின. அளவு தெரிந்து செய்வதே இதில் திறமை.

படிகள் இப்படிப் போகும்: மற்றவர் கைகால்களை மடக்கி நீட்டுவது, நோயாளி தானே அசைப்பது, கட்டிலில் சாய்ந்து உட்காருவது, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காருவது, எழுந்து நிற்பது, நின்ற இடத்தில் கால் மாற்றுவது, கதிரைக்கு மாறுவது, நடப்பது. வென்டிலேட்டர் குழாயோடேயே இதில் பாதிவரை போகலாம். இரத்தத்தில் ஒட்சிசன் அளவு 88 வீதத்துக்குக் கீழே இறங்கினால், துடிப்பு 130 ஐத் தாண்டினால், மூச்சு நிமிடத்துக்கு 40 ஐத் தாண்டினால், நெஞ்சு நோ அல்லது தலைச்சுற்று வந்தால் நிறுத்திவிடுவார்கள்.

பார்க்க வரும் வீட்டாருக்கும் வேலை இருக்கிறது, தாதியரிடம் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். கணுக்காலைக் கவனியுங்கள். படுத்திருப்பவரின் பாதம் போர்வையின் பாரத்தில் முன்னுக்கு விழுந்து அப்படியே இறுகிவிடும். பிறகு பலம் வந்தாலும் குதிக்கால் நிலத்தில் படாது. ஒரு கையால் குதிக்காலைப் பிடித்து, முன்கையால் பாதத்தின் அடியைத் தலைப்பக்கமாக மெதுவாக வளைத்து 30 எண்ணும்வரை பிடியுங்கள். ஒவ்வொரு காலுக்கும் நாலைந்து தடவை. கால் வெளிப்பக்கம் சரிந்து கிடந்தால் முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் இருக்கும் எலும்பு மேட்டில் நரம்பு நசுங்கி, பாதம் தூக்க முடியாமல் போகலாம். மடித்த துவாய் ஒன்றைத் தொடையின் வெளிப்பக்கம் அணையாக வைத்தால் கால் நேராக நிற்கும். தோளைப் பிடித்து இழுக்கவே கூடாது. தளர்ந்த தோளின் மூட்டு எளிதில் நழுவும்.

பிள்ளைகள் வீட்டிலிருந்து பேசியதை ஃபோனில் பதிந்து கேட்கவைப்பதும், இன்று என்ன நாள், எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் பைத்தியக்காரத்தனம் இல்லை. ஐ.சி.யு.வில் பலருக்கு மனக்குழப்பம் வரும், சுவரில் ஆட்கள் தெரிவார்கள், தாதி கொல்ல வருகிறார் என்று பயப்படுவார்கள். அது பேயும் இல்லை, புத்தி பேதலிப்பும் இல்லை, நோயோடு வந்து நோயோடு போவது.

விழுங்குவது தனிப் பிரச்சினை

குழாய் எடுத்த அன்றே அன்பின் மிகுதியால் ஒரு வாய் தேத்தண்ணி பருக்குவதுதான் நடக்கும் பிழைகளில் ஆபத்தானது. நாட்கணக்கில் குழாய் அழுத்திய தொண்டை மரத்திருக்கும், விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கும். பானம் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமல் வராமலே இருக்கலாம். இரண்டு நாளில் நிமோனியா வந்து திரும்பவும் மெஷினில் போட வேண்டி வரும்.

தாதியோ டொக்டரோ விழுங்க வைத்துப் பார்த்து அனுமதி தந்த பிறகே வாயால். தண்ணீரும் வெறும் தேத்தண்ணியும்தான் மிகக் கடினம், ஓடுகிற வேகத்தை மரத்த தொண்டையால் பிடிக்க முடியாது. தயிர், மசித்த வாழைப்பழம், கட்டியான கஞ்சி எளிது. நிமிர்ந்து உட்கார்ந்து, நாடியைக் கொஞ்சம் நெஞ்சுப்பக்கம் தாழ்த்தி, தேக்கரண்டி அளவில் ஒரு வாய். முழுதும் விழுங்கிய பிறகே அடுத்தது. சாப்பிட்டு 30 நிமிடமாவது படுக்க வேண்டாம். சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாக, கரகரவென்று மாறினால் உணவு தவறான வழியில் போகிறது.

சேலைனும் சாப்பாடும்

"ஒரு சேலைன் ஏத்தினா ஆள் தேறிடும்" என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் வேரோடியது. கணக்குப் பார்ப்போம். 5 வீதக் குளுக்கோஸ் சேலைன் 500 மில்லிலீற்றரில் 25 கிராம் சீனி இருக்கிறது, 100 கலோரிக்கும் குறைவு. பெரிய வாழைப்பழம் ஒன்றில் அவ்வளவு கிடைத்துவிடும். உப்புச் சேலைனில் அதுவும் இல்லை. இரண்டிலும் புரதம் பூச்சியம். நீரிழப்புக்கு அது மருந்து, தசைக்கு ஒன்றும் செய்யாது.

மீளும் காலத்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது நல்ல இலக்கு. 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். வீட்டுச் சாப்பாட்டில் இதை எட்டலாம். காலையில் இரண்டு முட்டை 12 கிராம், அரைக் கப் அவித்த பயறு 7. மத்தியானம் இரண்டு கப் சோறு 8, உள்ளங்கை அளவு மீன் துண்டு 20, அரைக் கப் பருப்பு 8. பின்னேரம் மூன்று மேசைக்கரண்டி பால்மா கரைத்தால் 6. இரவில் இன்னொரு துண்டு மீனோ கோழியோ 20, பிறகு ஒரு கப் எருமைத் தயிர் 8. கூட்டினால் 89. மீன் சாப்பிடாதவர்கள் சோயாவில் ஈடுகட்டலாம், உலர்ந்த சோயா 30 கிராமில் ஏறக்குறைய 15 கிராம் புரதம் உண்டு. வெறும் அரிசிக் கஞ்சியையும் சொதியையும் மட்டும் மூன்று வேளையும் கொடுத்தால் வயிறு நிறையும், தொடை நிறையாது. கஞ்சிதான் இறங்குகிறது என்றால் அதற்குள் பயறு போட்டு வேகவைத்து மசியுங்கள், அல்லது கொதிக்கும்போது ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கலக்குங்கள்.

ஒரே வேளையில் நிறையக் கொடுக்க வேண்டாம். ஐந்தாறு சிறு வேளையாகப் பிரித்தால் பசி இல்லாதவரும் சமாளிப்பார். சிறுநீரக நோய் உள்ளவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, கிளினிக்கில் கேட்டுத்தான் அளவு வைக்க வேண்டும்.

வீட்டில்: பாயும் கதிரையும்

வெளிநாட்டுக் கையேடுகள் கட்டிலையும் சோபாவையும் வைத்து எழுதப்பட்டவை. நமக்குத் தரைதான் வாழ்க்கை. பாயில் படுப்போம், சம்மணமிட்டுச் சாப்பிடுவோம், குந்தும் மலசலகூடத்துக்குப் போவோம். கோயில் மண்டபத்தில் இருந்து எழும்புவதும், தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதிலிருந்து எழுந்து நிலைக்கு வருவதும் தொடைப் பலத்தின் உச்சச் சோதனைகள். முதல் மாதங்களில் இவற்றை ஒத்திவையுங்கள். கட்டிலில் படுக்கட்டும், கொமட் கதிரை ஒன்றை இரவல் வாங்குங்கள், தொழுகையைக் கதிரையில் இருந்தே நிறைவேற்றட்டும்.

கட்டிலிலிருந்து எழும்பும்போது பக்கவாட்டில் திரும்பி, முழங்கையை ஊன்றி, காலைக் கீழே போட்டு உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் எழும்பிவிட வேண்டாம். இரண்டு நிமிடம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டினால் தலைச்சுற்று குறையும். பிடித்துக்கொள்பவர் கமக்கட்டில் கைகொடுத்துத் தூக்குவதை விட்டுவிட்டு, ஒரு சாரத்தையோ பெரிய துவாயையோ நீளவாக்கில் மடித்து நோயாளியின் இடுப்பில் இறுகக் கட்டி, அந்தப் பட்டியைப் பிடிக்கட்டும். சரிந்தாலும் தோள் தப்பும்.

ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால் கதிரையிலிருந்து எழும்பி உட்காருவதைச் செய்யுங்கள். தொடை, இடுப்பு, முதுகு எல்லாம் அதில் வேலை செய்யும். பிளாஸ்டிக் கதிரை வழுக்கும், சுவரோடு ஒட்டி வையுங்கள். ஒற்றைக் கதிரையின் உயரத்திலிருந்து எழும்ப முடியாவிட்டால் இரண்டு மூன்றை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குங்கள், நாலைந்து விரல் உயரம் கூடும். பலம் வர வர ஒவ்வொரு கதிரையாக எடுக்கலாம். குதிக்காலை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னுக்குச் சாய்ந்து, மூச்சை விட்டபடி எழும்ப வேண்டும். மெதுவாக மூன்று எண்ணி உட்கார வேண்டும், தொப்பென்று விழக்கூடாது. அந்த மெதுவான இறக்கத்தில் தசைக்குக் கிடைக்கும் வேலை பெரிது. ஐந்து தடவை, ஓய்வு, திரும்ப ஐந்து. காலை மாலை இரண்டு வேளை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருக்கால் ஒரு தடவை கூட்டுங்கள். கைக்கு, தண்ணீர் நிரப்பிய அரை லீற்றர் போத்தல் போதும், அது அரைக் கிலோ.

நடையை இரண்டு நிமிடத்தில் தொடங்குங்கள், நாளில் ஐந்தாறு தடவை. காலை எட்டு மணிக்கு முன்னும் பின்னேரம் ஐந்துக்குப் பின்னும்தான் நம் வெயில் இடம் கொடுக்கும். கல்லடிக் கடற்கரையில் நடத்தினால் காற்றுப்பட்டுச் சுகமாகும் என்று கூட்டிப்போகிறார்கள். மணலில் கால் புதைந்து ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் சக்தி போகும், கணுக்கால் பிசகும். முதலில் விறாந்தை, பிறகு முற்றம், பிறகு கொங்கிறீட் ஒழுங்கை. கடற்கரை பிறகு பார்க்கலாம்.

அளவு சரியா என்று அறிய மெஷின் தேவையில்லை. நடக்கும்போது ஒரு வசனம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாமல் இருக்கலாம். அடுத்த நாள் காலை எழும்பும்போது முதல்நாள் களைப்பு அப்படியே இருந்தால், நேற்றுச் செய்தது கூட. அளவைக் கொஞ்சம் குறையுங்கள், நிறுத்திவிட வேண்டாம். வாகரையிலிருந்தோ படுவான்கரையிலிருந்தோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை கிளினிக்குக்கு வந்து வரிசையில் இருந்து திரும்பும் நாள், அதுவே பயிற்சி நாள். அன்றைக்கு வேறு எதையும் சேர்க்காதீர்கள்.

தரையிலிருந்து எழும்பும் முறையையும் பலம் வந்ததும் பழக்குங்கள், விழுந்துவிட்டால் உதவும். பக்கவாட்டில் திரும்பி, முழங்கையில் ஊன்றி, நாலு காலில் தவழும் நிலைக்கு வந்து, பாரமான மரக்கதிரை வரை தவழ்ந்து, இரண்டு கையையும் அதன் இருக்கையில் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னே ஊன்றி எழும்ப வேண்டும்.

நல்லெண்ணெய் தேய்ப்பதில் பிழையில்லை, தோலுக்கும் மனசுக்கும் இதம். ஆனால் தேய்க்கிறவருக்குத்தான் அதில் பயிற்சி. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோகிறது என்றால் தேய்க்கவே கூடாது, உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம்.

எவ்வளவு காலம்

தசை மட்டும் பழுதென்றால் கிழமைகள் முதல் சில மாதம். நரம்பு இழை அறுந்திருந்தால் அது வளரும் வேகம் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். முழங்காலிலிருந்து பாதம் வரை 40 சென்ரிமீற்றர் என்று வைத்தால் ஒரு வருடத்துக்கு மேல். தொடை முந்தியும் பாதம் பிந்தியும் வருவதற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம். ரொறன்ரோவில் கடும் நுரையீரல் பாதிப்பிலிருந்து மீண்ட 109 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களின் நுரையீரல் பெரும்பாலும் தேறியிருந்தது, ஆனால் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் எதிர்பார்த்ததில் 66 வீதம், ஐந்து வருடத்தில் 76 வீதம். இளைப்பு வந்தால் எல்லோரும் நெஞ்சைத்தான் சந்தேகிக்கிறார்கள், பல நேரம் குற்றவாளி தொடைதான்.

மூன்றாம் மாதமளவில் தலைமுடி கொத்தாகக் கொட்டும், திரும்ப முளைக்கும். மறதி, கோபம், கெட்ட கனவு எல்லாம் மாதக்கணக்கில் தொடரலாம், அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள்.

சிலதுக்குக் கிளினிக் திகதிவரை காத்திருக்கக் கூடாது. குழாய் எடுத்துக் கிழமைகள் கழித்து மூச்சிழுக்கும்போது விசில் மாதிரிச் சத்தம் வந்தால், குழாய் இருந்த இடத்தில் மூச்சுக்குழல் சுருங்குகிறது. ஒரு கால் திடீரென்று வீங்கினால், காய்ச்சலோடு சளி வந்தால், தேறிவந்த பலம் திரும்பக் குறைந்தால் அன்றே போக வேண்டும். மூச்சுத் திணறினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பிறகு ஒருநாள், நடக்கிறேன் தானே என்று மோட்டார் சைக்கிள் திறப்பைக் கேட்பார். கொடுப்பதற்கு முன் குதிக்காலை நிலத்தில் ஊன்றி இடது பாதத்தின் நுனியை மேலே தூக்கச் சொல்லுங்கள், பத்துத் தடவை. நுனிக்காலால் மேலே தட்டிக் கியர் மாற்றும் வண்டிக்கு வேண்டியது அந்த அசைவுதான், கடைசியாகத் திரும்பிவரும் தசையும் பெரும்பாலும் அதுதான். பிறகு நின்ற இடத்தில் வண்டியை ஒரு பக்கம் சாய்த்துத் தாங்கச் சொல்லுங்கள், நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். பத்தும் தூக்கி, வண்டியையும் தாங்கினால் ஒழுங்கைக்குள் ஓடிப் பார்க்கட்டும். ஆறாவது தடவையில் பாதம் துவண்டால், இன்னும் ஒரு மாதம் பின் சீட்டுத்தான்.